மதகின் மற்றப் பக்கம்

அத்தியாயம் பதினான்கு

மதுராவை ஒப்பறேசனுக்கு உள்ளே எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி காலை எட்டரைக்கு வந்தது. கீர்த்திகாவுக்கு நேரே வரவில்லை. பிள்ளையின் தாய் உதயகலா தன் தம்பி பார்த்தீபனுக்குச் சொல்லி, பார்த்தீபன் தகப்பனுக்குச் சொல்லி, தகப்பன் விறாந்தையில் நின்று சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்ல, குசினி அடுப்படியில் நின்ற கீர்த்திகாவின் காதில் விழுந்தது. பதினொரு நாளாக அந்த வீட்டில் அவளுக்குச் செய்தி வருகிற வழி அதுதான்.

பதினொரு நாளுக்கு முன்னர், பள்ளி விட்டு நடந்து வந்த ஒன்பது வயது மதுராவைக் கனிசியஸின் மீன் பட்டா அடித்து விழுத்தியது. பட்டா என்பது ஊரெல்லாம் ஓடித் திரிகிற சின்ன லொறி. அடிபட்ட இடம் வேறெங்கும் இல்லை, இவர்கள் வீட்டு மதிலடி வளைவு. பிள்ளையின் தொடையெலும்பு முறிந்தது. அந்த நேரம் பிள்ளையின் கையில் ஒரு கமரா இருந்தது. அதைக் கொடுத்தவள் கீர்த்திகா.

"உன்ரை கமராதானடி என்ரை பிள்ளையை நடுறோட்டுக்கு இறக்கினது!" என்று ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை சனத்துக்கு முன்னால் உதயகலா கத்தியதைப் போன வாரம் பார்த்தோம். கத்தியவள் பார்த்தீபனின் அக்கா. கேட்டு நின்றவள் பார்த்தீபனின் மனைவி. அதுவரை ஒரு கறிச்சட்டி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்த உறவு.

கீர்த்திகா ஊர் முன்பள்ளியில் ரீச்சர். வீதியைப் பற்றிப் பெரியவர்கள் கூட்டம் போட்டுக் கதைத்துக் கதைத்து ஒன்றும் ஆகாமல் போனபோது, "நடக்கிற பிள்ளையளை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே" என்றவள் அவள்தான். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு கமரா, ஆளுக்கு மூன்று நாள். பள்ளிக்கு நடந்து போகும் வழியில் பயமான இடம் ஐந்து, பயமில்லாத இடம் ஒன்று என்று ஆறு படம் எடுக்கவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதவேண்டும்.

கமரா, மதுராவின் தகப்பன் பிரான்ஸில் இருந்து அனுப்பியது. அதனால் முதல் முறை அவளுக்குத்தான் என்று கீர்த்திகா சொன்னபோது, மதுரா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"வீட்டுக்காரர் கடைசியாத்தானே சாப்பிடுறது, மாமி."

அப்படிப் பன்னிரண்டாவதாகப் போனது. எப்போதும் அவளோடு நடந்து வருகிற கீர்த்திகாவின் மகன் லக்ஷன் அன்றைக்குக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தான்.

இன்று பின்னேரம் நாலு மணிக்குச் சனசமூக நிலையத்தில் அந்தப் படங்களின் கண்காட்சி. தலைமை, நிலையத்தின் தலைவரும் கீர்த்திகாவின் மாமனாருமான கனகசபாபதி. கண்காட்சி முடிய, கனிசியஸின் சாரதி அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யச் சொல்லி ஊரிடம் கையெழுத்து வாங்கப் போகிறவன் பார்த்தீபன்.

ஒன்பதரைக்கு நிலையத்தைத் திறந்து கீர்த்திகா படங்களைக் கயிற்றில் கொளுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எடுத்த படங்களில் மனித முகங்களே இல்லை. அவர்களின் உயரத்துக்கு எது தெரியுமோ அதுதான் விழுந்திருந்தது. சில்லுகள், பம்பர்கள், கட்டிப்போடாத நாயின் வாய், யாரோ வீடு கட்ட வீதியோரம் கொட்டிய மணல் கும்பி. பதினொரு கயிறு நிறைந்தது. பன்னிரண்டாவது வெறுமையாகத் தொங்கியது.

வாசலில் நிழல் விழ, திரும்பினாள்.

கனிசியஸ். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு நின்றான். பிணையில் வந்தவன். முகம் மெலிந்திருந்தது. கையில் ஒரு பொலித்தீன் பை.

கீர்த்திகா அவனுக்குப் பின்னால் வீதியை எட்டிப் பார்த்தாள். "என்னத்துக்கு இஞ்சை வந்தனீங்கள்? சனம் கண்டால் என்ன நடக்கும் எண்டு தெரியாதோ?"

"தெரியும் ரீச்சர். நேற்றுத்தான் பொலிசு பட்டாவை விட்டது. கழுவேக்கை மீன்பெட்டியளுக்கு நடுவிலை உது கிடந்தது."

பையை மேசையில் வைத்தான். உள்ளே கமரா. கண்ணாடி நொறுங்கி, ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அடிபட்ட வேகத்தில் பிள்ளையின் கையை விட்டு எழும்பி லொறிப் பெட்டிக்குள் விழுந்திருக்கவேண்டும்.

"பொலிசிலை குடுத்திருக்கலாமே?"

"குடுத்தால் அங்கை ஆர் படம் பாக்கப்போகினம்? பிள்ளையள் எடுத்த படத்தைப் பாக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான்." அவன் பையை அவள் பக்கம் தள்ளினான். "ரீச்சர், நான் அடிச்சவன். அதை நான் மறைக்கேல்லை. ஆனால் பிள்ளை நடுறோட்டிலை நிக்கேல்லை. மதிலோடை ஒட்டித்தான் நிண்டது. எதிர்ப்பக்கம் பஸ் வந்திட்டுது. நான் கொஞ்சம் ஒதுக்கினனான். ஒதுக்க அங்காலை நிலமில்லை ரீச்சர், மதில்தான்."

கீர்த்திகா பைக்குள் இருந்த கமராவையே பார்த்தாள்.

"வாய்க்கால் மதவுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கட்டு இருக்கவேணும். அந்த வளைவிலை ஒண்டுதான் இருக்கு. மற்றது எங்கை போனது எண்டு நான் கேக்கக்கூடாது. நான் அடிச்சவன்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அவன் போன பிறகும் அவள் கமராவைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது. உதயகலா சொன்னது உண்மை என்று அதற்குள் இருக்கும் சின்ன மெமரித் தகடு சொல்லிவிட்டால்? படத்துக்காகப் பிள்ளை நடுவீதிக்கு வந்திருந்தால்? அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையின் கட்டிலடியில் போய் நிற்பது?

கடைசியில், வருவது வரட்டும் என்று தகட்டைக் கழற்றி மடிக்கணினியில் போட்டாள்.

ஆறு படங்கள். நாய் நிற்கிற வாசல் படலை. சந்தியில் பஸ். மணல் கும்பி. பாலர் வகுப்புப் பிள்ளைகள் கடக்கிற இடம். கோயில் வாசல். அதுதான் பயமில்லாத இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஆறாவது.

படத்தின் பாதியை மதில் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டு மதில், இளமஞ்சள் நிறம். அதன் அடியில் இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள், ஒன்றின் லேஸ் அவிழ்ந்திருந்தது. குதிக்கால் இரண்டும் மதிலில் முட்டியிருந்தன. அதற்கு மேல் பின்னால் போக ஒரு எறும்புக்குக்கூட இடமில்லை. சப்பாத்துகளின் நுனியால் வீதியின் வெள்ளைக் கோடு ஓடியது. ஓடி, இன்னும் பத்தடி தள்ளி, நேராகப் போய் மதிலுக்குள் புகுந்து காணாமல் போனது. தூரத்தில் பட்டாவின் நீல முகம், சின்னதாக.

கீர்த்திகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பிள்ளை நடுவீதிக்கு இறங்கவில்லை. அந்த நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. கோடு மதிலுக்குள் போகிறது. வீதிக்குக் கோடு போட்டவன் குடிவெறியிலா போட்டான்? படத்தின் எதிர்ப்பக்கத்தில் மதகின் கட்டு தெரிந்தது. இடுப்பளவு உயரத்தில், மேலே சாய்வாக வெட்டிய சீமெந்துக் கட்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. இந்தப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை.

அந்த உயரத்தில், அந்தச் சாய்வோடு ஒரு கட்டை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் காலையில் பார்த்திருக்கிறாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

நேரே முற்றத்துக்குப் போகவில்லை. அலுமாரியைத் திறந்து கலியாண அல்பத்தை எடுத்தாள். அவள் சந்நிதி கோயில் இருக்கிற தொண்டைமானாற்றுப் பிள்ளை. கலியாணம் முடிந்த கையோடு பார்த்தீபனின் வேலை காரணமாக வவுனியாவுக்குப் போனவர்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்தது, லக்ஷன் பிறந்து நாலாம் மாதம், மதில் கட்டிய பிறகுதான். வேலி இருந்த காலத்து வாசலை அவள் பார்த்தது கலியாணத்தன்று ஒரே ஒருநாள். அன்றைக்கு எந்த மணப்பெண் மதகைப் பார்த்தாள்?

ஆனால் படக்காரன் பார்த்திருந்தான். அவள் காரில் இருந்து இறங்குகிறாள். பின்னால் கிடுகு வேலி, அதில் தோரணம். வேலிக்கு வெளியே மதகின் கட்டு. அந்தக் கட்டில் இரண்டு மேளகாரர் தவிலை மடியில் வைத்துக்கொண்டு களைப்பாறுகிறார்கள். கட்டுக்கும் வேலிக்கும் நடுவில் ஒருவர் குடை பிடித்தபடி தாராளமாக நிற்கிறார்.

படத்தை அல்பத்தில் இருந்து உரித்தெடுத்தாள்.

முற்றத்தில் மதிலோடு சேர்ந்தபடி ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. அதன்மேல் அவளுடைய ஐந்து அந்தூரியம் சட்டிகள். எட்டு வருஷமாகக் காலைத் தேத்தண்ணிக்கு முன்னர் அவள் தண்ணீர் ஊற்றுகிற இடம். ஒவ்வொரு சட்டியாக இறக்கினாள். பாசியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள். பச்சை கரைந்து ஓடியது. அடியில் வெள்ளை. அதற்கு அடுத்தாற்போல் கறுப்பு. மறுபடி வெள்ளை.

கை நின்றுவிட்டது. மதகின் மற்றப் பக்கம் அவள் வீட்டு முற்றத்துக்குள் இருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

மாமனார் கனகசபாபதி பின்னால் நின்றார். கையில் மடித்த பேப்பர்.

"இது என்ன மாமா?"

"இருக்கிறதுக்குக் கட்டினது. முந்தியே சொன்னனான்தானே."

"இருக்கிறதுக்கோ? கறுப்பு வெள்ளை அடிச்சோ?"

கிழவர் பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"நான்தான் அரக்கினனான்" என்றார்.

வேலி அரக்குவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலியைப் புதிதாக அடைக்கிறபோது கதியாலை, அதாவது வேலித் தடியை, முன் இருந்த குழியில் நடாமல், நாலு விரல் வெளியே தள்ளி நடுவது. அடுத்த வருஷம் இன்னும் நாலு விரல். பக்கத்து வீட்டுக்காரன் காணிக்குள் நாலு விரல் அரக்கினால் நீதிமன்றம், வழக்கு என்று பேரன் காலம்வரை இழுபடும். வீதிக்குள் இரண்டு முழம் அரக்கினால் கேட்க ஒரு நாதியும் வராது. வீதிக்கு மாமன் மச்சான் கிடையாது பாருங்கள்.

"எப்ப அரக்கினனீங்கள்?" கீர்த்திகா விடவில்லை.

"மதில் கட்டேக்கை."

"மதில் எப்ப கட்டினது?"

"உது... சந்நிதித் திருவிழா நடந்த..." கிழவர் சட்டென்று நிறுத்தினார்.

நிறுத்தியும் பயனில்லை. அவளுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. "அந்தப் பதினைஞ்சு நாளும் நீங்கள் சந்நிதியிலை, மடத்திலை எல்லோ நிண்டனீங்கள்? நான் பிள்ளைப்பெத்து அம்மா வீட்டிலை. பின்னேரத்திலை ஒருநாளும் தவறாமல் லக்ஷனைப் பாக்க வருவியள். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தவ. நீங்கள் இஞ்சை இல்லை மாமா."

கனகசபாபதி கட்டின் விளிம்பில் மெல்லக் குந்தினார். எட்டு வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்து அவள் கண்டதில்லை.

"சத்தம் போடாதை பிள்ளை. அவன் என்ரை பிள்ளை" என்றார்.

பார்த்தீபன்! அரக்கியவன் கீர்த்திகாவின் கணவன். மதிலைப் பிடிக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"திருவிழா முடிஞ்சு வந்து பாத்தன்" என்றார் கிழவர். "நெஞ்சு பகீரெண்டுது. இடியடா எண்டு சொல்லத்தான் நினைச்சன். அடுத்த மாசம் நீ பிள்ளையோடை வந்து இறங்கினாய். 'முத்தம் எவ்வளவு பெரிசு மாமா' எண்டு சிரிச்சாய். பிறகு நான் என்னத்தைச் சொல்ல? பேசாமல் இருந்திட்டன். ஊருக்கு நியாயம் சொல்லுற தலைவர், சொந்த வாசலிலை வாய் பொத்தினன்."

"உதயகலா மச்சாளுக்குத் தெரியுமோ?"

அவர் அவளை வியப்போடு பார்த்தார். "பிறந்து வளந்த வாசல் அவளுக்குத் தெரியாதோ? அந்த மதவுக் கட்டிலை குந்தியிருந்துதான் கொய்யாக்காய் திண்டவள். ஊருக்கே தெரியும் பிள்ளை."

"ஊருக்கோ?"

"ஆர் கேப்பினம்? கேக்க வாறவனுக்கும் ஒரு வேலி இருக்கே."

கீர்த்திகாவுக்கு இதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பதினொரு நாளாக ஊர் அவளைக் கடந்து போகும்போது தலையைத் திருப்பியது. கடையில், கோயிலில், கிணற்றடியில் எல்லாம் கமரா, கமரா என்று குசுகுசுத்தது. அத்தனை பேருக்கும் இந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். உதயகலாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கமரா என்று கத்தினாள். தகப்பன் வீட்டு மதிலைப் பார்த்துக் கத்த முடியாத தாய் வேறு எதைப் பார்த்துத்தான் கத்துவாள்? தெரியாதவள் அவள் ஒருத்திதான், அதுவும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள்.

மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. பார்த்தீபன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒப்பறேசன் முடிஞ்சுது. கம்பி வைச்சிருக்கினம். பிள்ளை கண் முழிச்சிட்டுது. கால் கொஞ்சம் கட்டையாப் போகுமோ எண்டு இப்ப சொல்லேலாதாம்." சொல்லி முடித்த பிறகுதான் இறக்கி வைத்த சட்டிகளையும், தேய்த்த கட்டையும், தகப்பன் குந்தியிருந்த இருப்பையும் கண்டான்.

கீர்த்திகா கைத்தொலைபேசியில் ஏற்றி வந்த மதுராவின் படத்தை நீட்டினாள்.

அவன் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான். பாவம், உடைந்து அழப்போகிறான் என்று அவள் எண்ணினாள். ஒரு அடி கிட்டவும் போனாள்.

"இதை ஆரும் பாத்தவையோ?" என்றான்.

"இல்லை."

"அப்ப அழிச்சுவிடும்."

அவள் கைத்தொலைபேசியைத் திருப்பி வாங்கினாள். ஒன்பது வருஷம் ஒன்றாக இருந்த மனிதன். மதுரா பிறந்தபோது வவுனியாவில் இருந்து மோட்டார்சைக்கிளில் மழைக்குள் ஓடி வந்தவன். அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

"என்ன சொல்லுறீங்கள்?"

"நான் வேணுமெண்டோ செய்தனான்? கார் நிப்பாட்ட இடம் காணாது எண்டு மேசன் சொன்னான். ரெண்டு முழம்தானே எண்டு விட்டன். பிறகு றோட்டை அகட்டித் தார்க் கார்பெற் போட்டது அவங்கள். அதுக்கும் நானோ?" குரல் உயர்ந்தது. "மதில் கட்டினால்தான் இந்த வீட்டுக்கு வருவன், கிணத்தடி வெளியிலை தெரியுது எண்டு நிண்டது ஆர்? நீர்தானே?"

உண்மைதான். அவள்தான் கேட்டாள்.

"ஓம், நான்தான் கேட்டனான்" என்றாள் மெதுவாக. "ஆனால் அந்தாளின்ரை லைசன்ஸைப் பறிக்கக் கையெழுத்து வாங்கப்போறது நீங்கள். தெரிஞ்சுகொண்டு."

"அடிச்சவன் அவன்!"

"நிக்க இடமில்லாமல் செய்தது நாங்கள்."

"கீர்த்திகா, அந்தப் படம் அங்கை தொங்கினால் அப்பா இந்த ஊரிலை தலை நிமிந்து நடக்கமாட்டார். யோசிச்சுச் செய்யும்."

கிழவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை.

நாலு மணிக்குச் சனசமூக நிலையம் நிரம்பி வழிந்தது. பிரதேச சபையில் இருந்து ஒரு ஐயா வந்து முன்வரிசையில் இருந்தார். சனம் கயிறு கயிறாகப் படம் பார்த்தது. "இது உன்ரை மணல்தானே? ரெண்டு வருசமாக் கிடக்குது" என்று ஒருவர் சொல்ல, மணலுக்குச் சொந்தக்காரர் பல்லைக் காட்டினார். நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது, பன்னிரண்டாவது கயிறுவரை.

பன்னிரண்டாவது கயிறு இப்போது வெறுமையாக இல்லை. மூன்று மணிக்குச் சந்தி ஸ்ரூடியோவில் கழுவி, ஈரம் காயுமுன் கீர்த்திகா ஆறு படங்களையும் கொளுவியிருந்தாள். கலியாணப் படம் கைப்பைக்குள் இருந்தது. அதைத் தொங்கவிட மனம் இடம் கொடுக்கவில்லை.

ஆறாவது படத்தடிக்கு வந்ததும் ஒவ்வொருவருக்கும் வாய் அடைத்தது. சப்பாத்தைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், கனகசபாபதி ஐயாவைக் கடைக்கண்ணால் ஒருமுறை பார்த்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதிரை தேடிப் போனார்கள். ஒருவரும் "இது எந்த இடம்" என்று கேட்கவில்லை. கேட்காதபோதே கீர்த்திகாவுக்கு விளங்கிவிட்டது. மாமனார் சொன்னது சரி. ஊருக்கே தெரியும்.

பார்த்தீபன் படத்தைக் கண்டுவிட்டான். கழற்றச் சனம் விடாது, கண்டதாகக் காட்டவும் முடியாது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பங்கு சத்தமாகப் பேசத் தொடங்கினான். "எங்கடை பிள்ளையளின்ரை உயிரோடை விளையாடுற இப்பிடியான சாரதியளை நாங்கள் இனியும் விட்டு வைக்கேலாது..."

வாசலில் ஒரு அரவம். சனம் விலகியது.

உதயகலா.

பதினொரு நாள் கட்டிய அதே சாயம் போன சேலை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்திருந்தாள். தோளில் மதுராவின் பள்ளிப்பை.

"நிப்பாட்டு தம்பி" என்றாள். பிறகு கீர்த்திகாவிடம் திரும்பினாள். "என்ரை பிள்ளையின்ரை படம் ஒண்டும் இஞ்சை தொங்கக்கூடாது. கழட்டத்தான் வந்தனான்."

விறுவிறென்று பன்னிரண்டாவது கயிற்றடிக்குப் போனாள். முதல் படத்தில் கை வைத்தாள். இரண்டாவது. ஆறாவதில் கை அப்படியே நின்றுவிட்டது. அவிழ்ந்த லேஸை விரலால் தொட்டாள்.

"காலமை கட்டிவிட்டனான்" என்றாள், யாருக்கும் இல்லாமல். "இறுக்கிக் கட்டிவிட்டனான்."

கீர்த்திகா கிட்டப் போனாள். "மச்சாள், பிள்ளை நடுறோட்டிலை நிக்கேல்லை. பாருங்கோ. ஓரத்திலைதான் நிண்டது."

உதயகலா பள்ளிப்பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். "கண் முழிச்சவுடனை இதைத்தான் கேட்டவள். மாமியிட்டைக் குடுக்கட்டாம். படத்தோடை இதையும் போடவேணுமாம். நான் திறந்து பாக்கேல்லை."

கீர்த்திகா அதை வாங்கினாள். மதுராவுக்கு எதையும் முதல்நாளே செய்து வைக்கிற பழக்கம். படம் எடுக்கமுன்னரே ஆறு வரியையும் எழுதி, அடிமட்டத்தால் கோடும் கீறி வைத்திருந்தாள். நாய்க்குப் பயம். பஸ்ஸுக்குப் பயம். மணலடியில் பயம். கடக்கிற இடத்தில் பயம். கோயில் வாசல்: பூசை நேரம் மோட்டார்சைக்கிள் கூட, பயம்.

ஐந்தும் முடிந்துவிட்டது. அப்படியென்றால் ஆறாவது?

கண் எழுத்தைப் பிடித்ததும் கொப்பியை மூடப் போனாள். உதயகலா கொப்பியைப் பறித்துத் தானே படித்தாள். பள்ளிக்கூடத்தில் உரத்து வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"பயமில்லாத இடம். இது எங்கள் அம்மப்பாவின் மதில். இதோடு ஒட்டி நின்றால் ஒன்றும் வராது. இங்கே எனக்குப் பயமில்லை."

உதயகலாவின் தொண்டையில் இருந்து ஏதோ ஒரு ஒலி வந்தது. அது அழுகையில் சேராது. இரண்டு வரிசைக்குப் பின்னால் ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசற்படிக்கு வெளியே, வெயிலில், கனிசியஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தலைவர் கதிரை கிறீச்சிட்டது. கனகசபாபதி எழும்பி நின்றார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மதிலை றோட்டுக்குள்ளை அரக்கினது நான்" என்றார். "மதவின்ரை மற்றக் கட்டு என்ரை முத்தத்துக்குள்ளை கிடக்கு. எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தது போதும். செய்தது நான்தான், வேறை ஒருத்தருமில்லை."

பிரதேச சபை ஐயா பேனையை எடுத்தார்.

கீர்த்திகா கணவனைப் பார்த்தாள். ஒலிவாங்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. வாயில் இருந்து ஒரு சாண் தூரம். ஒரு சொல் போதும். எழுபத்திரண்டு வயதுத் தகப்பன் ஊருக்கு முன்னால் நின்று அவனுக்காகத் தலை குனிகிறார். சொல்லுவான். இப்போது சொல்லுவான். அவள் பொறுத்தாள். மனதுக்குள் பத்துவரை எண்ணினாள்.

பார்த்தீபன் ஒலிவாங்கியை மேசையில் வைத்தான். வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

கீர்த்திகா கைப்பையைத் திறந்து கலியாணப் படத்தை எடுத்தாள். சபைக்கு நடுவே நடந்து போய் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"மாமா பொய் சொல்லுறார்" என்றாள்.